ஆடு தின்ற தழை

1

சடையா, டேய் சடையா.

நம் மலையில் இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால் எதிர் மேட்டிலிருந்து உன் குரல் வரும். நீ இல்லாத நாளில் பாறையாவது பதில் சொல்லும். இன்று காலை வேலைக்குப் போகும்போது யாரும் பக்கத்தில் இல்லை. உன் பேரைச் சொல்லிக் கத்திப் பார்த்தேன். பனி அப்படியே விழுங்கிக்கொண்டது. இந்த மலையில் மரம், கல், கிளை, வேர் எல்லாவற்றின் மேலும் பாசி. பஞ்சு மெத்தையில் கத்தினது போல இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சடையன் என் தம்பி. நாங்கள் ஜவ்வாது மலைக்காரர்கள். போன பலாப்பழக் காலத்தில் அவன் போய்விட்டான். மறுபடியும் பலாப்பழம் பழுக்கிறது, வருஷம் திரும்புகிறது. நான் மலேசியாவில் ஒரு மலைப் பூங்காவில் கூலி வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். போனில் தமிழ் அடிக்க எங்கள் மண்டோர் குணா அண்ணனின் மகள் சொல்லிக்கொடுத்தாள். மண்டோர் என்றால் இங்கே மேஸ்திரி. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அடிக்க வரும், பேச வராது. எனக்குப் பேச வரும், அடிக்க வராது. இருவரும் சேர்ந்து ஒரு ஆள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கலும் என்று நினைக்காதீர்கள். அம்மா அப்படித்தான் நினைத்தாள். "புள்ளைங்க ஆடுற எடமாடா? அங்க இன்னா வேல ஒனக்கு?" என்று கேட்டாள். இது முழுசும் காடு. கீழே கேட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் ஏறுவார்கள். உச்சி வரைக்கும் மரப்பலகையில் நடைபாதை, நடுநடுவே படிகள். அந்தப் பலகை மழையில் ஊறி உளுத்துப்போகும். அதை மாற்றுவது, படியைச் சரி செய்வது, தண்ணீர் ஓடும் வழியை அடைக்கும் இலையைத் தள்ளுவது, ஜனங்கள் போடும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது. இதுதான் எங்கள் வேலை.

எங்கள் மலையில் கோடை வந்தால் மரமெல்லாம் மொட்டையாகி நிற்கும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வருவது மானா பன்றியா என்று சொல்லிவிடலாம். இங்கே எந்தக் காலத்திலும் இலை உதிர்ந்து காடு வெறிச்சென்று ஆவதில்லை. விழுந்த இலையும் காயாது. பெரணி எங்கள் ஊர்ப் பக்கம் ஓடைக் கரையில் முழங்கால் உயரம் இருக்கும். இங்கே தென்னை மாதிரி நிற்கிறது. விடியற்காலையில் நீளக் கைக் கருங்குரங்கு தொண்டையில் பை ஊதிக்கொண்டு கத்தும். முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கு நான் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிறகு ஒரு செடி உண்டு, இலை நுனியில் மூடி போட்ட சொம்பு தொங்கும். உள்ளே தண்ணீர். பூச்சி போய் விழுந்தால் வெளியே வராது, செடி அதைத் தின்றுவிடும். சடையன் உயிரோடு இருந்தபோது இதை அவனுக்கு வீடியோவில் காட்டினேன்.

"இன்னாண்ணா இது, செடி கவுச்சி துன்னுதா?"

"ஆமாண்டா."

"அப்ப வெள்ளிக்கெழம?"

"வெள்ளிக்கெழம இன்னா?"

"வெள்ளிக்கெழம இன்னா துன்னும், அத்த கேளு."

பக்கத்தில் நின்று கேட்ட குணா அண்ணன் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, செடி விரதமாடா?" என்று கேட்டார்.

இந்தக் காட்டுக்கு ஒரு அதிகாரி அம்மா இருக்கிறார். எல்லோரும் புவான் என்போம். இந்த ஊரில் அது மரியாதைச் சொல். நான் வந்த முதல் நாள் அவர் சொன்னதைக் குணா அண்ணன் தமிழில் சொன்னார்: "இங்க இருந்து ஒரு இலை வெளிய போகக் கூடாது. வெளிய இருந்து ஒரு விதை உள்ள வரக் கூடாது. எதையும் ஒடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

எனக்கு அது புதுசு. எங்கள் மலையில் காட்டைத் தொடாமல் ஒரு நாள் போகாது. கடுக்காய், நெல்லி, தேன், புளி, விறகு எல்லாம் அங்கிருந்துதான். நானும் தம்பியும் பல்குச்சி ஒடித்துத்தான் பொழுதை ஆரம்பிப்போம்.

3

அவன் போன நாள் காலை நான் படிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வெள்ளையன் மாமா போனில் கூப்பிட்டார். அம்மாவின் தம்பி.

"டேய் குமாரு, எங்கடா கீற? நின்னுனு கீறியா? மொதல்ல உக்காரு."

உட்கார்ந்தேன்.

இரண்டு வண்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கலசப்பாக்கம் சந்தைக்கு இறங்கியிருக்கிறார்கள். முன்னால் தம்பி, பின்னால் மாமா. ஒற்றைப் பலாமரம் நிற்கும் வளைவில் கரடி ஒன்று ரோட்டைக் கடந்திருக்கிறது.

"அது முதுவுல ரெண்டு குட்டிடா. நடு ரோட்டுல நின்னுட்ச்சு. இவன் வண்டிய ஒடிச்சிட்டான். நேரா வுட்டிருந்தா இவன் ஒண்ணும் ஆயிருக்க மாட்டான். ஒடிச்சிட்டான்டா. வண்டியோட பள்ளத்துல போய்ட்டான்."

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "மாமா, கரடி?"

"அது போய்ச்சுடா. குட்டியும் போய்ச்சு. நல்லாதான் போய்ச்சு" என்று சொல்லி அழுதார்.

நான் லீவு கேட்கப் போனேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. ஆபீசில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னதைக் குணா அண்ணன் என் காதில் மெதுவாகச் சொன்னார்: "அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ள. இவங்களுக்குத்தான் லீவு உண்டாம். தம்பி அதுல இல்லடா."

"அண்ணே, எங்க அப்பா முன்னமே போய்ட்டாரு. அவருக்கு நான் லீவு எடுக்கல. அந்த எடத்துல இவன வெச்சுக்க முடியாதான்னு கேளுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே மலாயில் கேட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெட்டிக்குள் தம்பி என்று ஒரு கட்டம் இல்லை, அவள் என்ன செய்வாள்.

அடக்கத்தைப் போனில் பார்த்தேன். டவர் விட்டுவிட்டுக் கிடைத்தது. மண் போடும் இடத்தில் படம் நின்றுவிட்டது.

4

எங்கள் பக்கத்துச் சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யாராவது செத்துப்போனால் அந்த இடத்தில் ஒரு கல் வைப்போம். அந்த வழியாகப் போகிற எவரும் பக்கத்து மரத்தில் பச்சையாக ஒரு கொத்து ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட்டுவிட்டு, செத்தவர் பேரை மனசுக்குள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைத் தழைமேடு என்போம். உதிர்ந்த இலை ஆகாது. கையால் ஒடித்ததுதான் கணக்கு.

கூடப் பிறந்தவர்கள் வருஷம் திரும்புவதற்குள் அவரவர் கையால் ஒரு தழை போட வேண்டும். இன்னொருத்தர் கையில் கொடுத்துப் போடச் சொல்ல முடியாது. அந்தத் தழையை ஆடு தின்ன வேண்டும். ஆடு தின்றால் செத்தவர் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். அதனால் தழைமேட்டில் மேயும் ஆட்டை யாரும் விரட்ட மாட்டார்கள்.

இதில் சடையன் பெரிய கில்லாடி. சின்ன வயசில் அவன்தான் எங்கள் ஆடுகளை மேய்ப்பான். கோடையில் மேய்ச்சல் கிடைக்காது. மற்ற பையன்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அலையும்போது இவன் மட்டும் நேராகப் பழைய தழைமேடுகளுக்கு ஓட்டிப் போவான். "எங்கடா போற?" என்று யாராவது கேட்டால், "உங்க தாத்தன் பசியா கீறாராம், அதான் போறேன்" என்பான். ஒருத்தர் கல்லைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். ஆனால் ஆட்டைத் துரத்த முடியவில்லை. எங்கள் ஆடுகள்தான் ஊரிலேயே கொழுகொழுவென்று இருந்தன.

இப்போது அவனுக்கே ஒரு தழைமேடு. அம்மா போட்டுவிட்டாள். மாமா போட்டுவிட்டார். நான் போடவில்லை. என் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது. வேலையை விட்டு ஓடவும் முடியாது. வீட்டில் சம்பாதிக்க இப்போது நான் ஒருத்தன்தான்.

பலா பூக்கிற சமயத்திலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியவனே, ஒன் தழ மட்டும்தான்டா வுழல."

"நான் இன்னாமா பண்றது? மாமாவ எம் பேர சொல்லிப் போடச் சொல்லேன்."

"கேட்டேன்டா. ஊர்ல ஒத்துக்கல. கை நல்லா கீறவன் கைதான் போடணுமாம். ஒனக்கு கை நல்லாதான கீது?"

"நல்லாதான் கீது."

"அப்பறம்?"



5

ஒரு நாள் விடியற்காலையில் மேல் பாதையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பனி கொஞ்சம் விலகியது. பாறையை ஒட்டி ஒரு மரம். பலா இல்லை, ஆனால் இலை அந்த மாதிரி தடியாக, பளபளவென்று இருந்தது. காம்பைக் கிள்ளிப் பார்த்தேன். பால் வந்தது. ஆடு தின்னும் இலை என்று கைக்குத் தெரிந்தது.

சட்டம் தெரியும். தெரிந்துதான் ஒடித்தேன். பாதையோரம் இருந்த ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, சடையா என்றேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தழை அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே பச்சையாக இருந்தது. எங்கள் மலையில் என்றால் மத்தியானத்துக்குள் வாடிவிடும், சாயங்காலத்துக்குள் ஆடு தின்றிருக்கும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இங்கே வெயில் இல்லை, கரையானைக் காணோம், ஆடும் இல்லை. ஆடு இல்லாத ஊரில் நான் தழை போட்டிருக்கிறேன். அது அப்போதுதான் உறைத்தது.

ஒருவேளை இந்தத் தழை பிடிக்கவில்லையோ என்று இன்னொரு கொத்து வைத்தேன். பிறகு இன்னொன்று. எதையும் எதுவும் தொடவில்லை. காம்பில் பாசி ஏற ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது நான் வைக்காத ஒரு கொத்து அங்கே இருந்தது. பெரணி இலை. அடுத்த நாள் இன்னும் சில. மலை ஏற வருகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள், இது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து அவர்களும் ஒடித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்து போனால் கல்லே தெரியாது. மேடு என் இடுப்புக்கு வந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரில் அவன் மேட்டில் தழை குறைவு. இங்கே யார் யாரோ, எந்தெந்த நாட்டுக்காரர்களோ, என் தம்பிக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பேர் தெரியாமலேயே போடுகிறார்கள். அந்த மேட்டின் பக்கத்தில் நின்று "பார்றா, ஒனக்கு எவ்ளோ ஆளுன்னு" என்று அவனிடம் சொன்னேன்.

பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். பால் மரத்தில் கைக்கு எட்டும் உயரம் வரைக்கும் கிளை மொட்டையாக இருந்தது. பெரணிக் குருத்து முறிந்து கிடந்தது. மேட்டின் மேலே சொம்புச் செடி ஒன்று வேரோடு பிடுங்கி வைக்கப்பட்டிருந்தது. சொம்பில் தண்ணீர் கொட்டிப்போய், மூடி திறந்து, ஒரு செத்த ஈ வெளியே கிடந்தது.

நான் நின்றுவிட்டேன். இனி ஒடிக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் மேட்டைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. நான் நிறுத்தினாலும் அது வளர்ந்துகொண்டே போனது.

6

ஒரு வாரம் கழித்துக் குணா அண்ணன் நான் தங்கியிருக்கும் கொட்டகைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"டேய் தம்பி, சட்டையைப் போடு. புவான் கூப்பிடுறாங்க."

"எதுக்குண்ணே?"

"மேல மிருகம் படம் பிடிக்க மரத்துல பொட்டி கட்டி வச்சிருக்காங்கல்ல? அதுல ஒன்ன அந்தக் குப்பை மேட்டுக்கு எதுக்க கட்டிட்டாங்க, யார் இலை ஒடிக்கிறான்னு பார்க்க. புலி விழும், கரடி விழும்னு பார்த்தா நீ விழுந்திருக்கடா."

"நான் நிறுத்திட்டேனேண்ணே."

"நிறுத்தினவன் எதுக்குடா தினமும் போய் அது முன்னாடி கை கட்டி நிக்கிற? முழுசும் படத்துல இருக்கு. நீ கிளை ஒடிச்ச படம், முன்னாடியே பக்கத்துல கட்டியிருந்த பொட்டியில கிடைச்சிருக்கு. என்னாடா இது, மந்திரம் கிந்திரமா? பெர்மிட்ட வெட்டி அனுப்பிடுவாங்கடா!"

அனுப்பினால் ஊருக்குப் போவேன், என் தழையைப் போடுவேன் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி அம்மாவின் முகம் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

புவான் மேசை மேல் பிடுங்கிய அந்தச் சொம்புச் செடியை வைத்திருந்தார். ஈரத் துணி சுற்றியிருந்தது. திட்டவில்லை. குணா அண்ணன் நடுவில் நின்று தமிழில் சொன்னார்.

"இது இந்த அளவு வளர எத்தனை வருஷம் ஆகும்னு தெரியுமான்னு கேக்குறாங்க."

"தெரியாதுங்க."

"எதுக்கு இப்படிச் செஞ்சன்னு கேக்குறாங்க."

நான் சொன்னேன். தம்பி, கரடி, வளைவு, கல், தழை, ஆடு எல்லாவற்றையும் சொன்னேன். குணா அண்ணன் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். "இருடா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். அவருக்கும் அதுவரை தெரியாது. தம்பி செத்துப்போனான் என்று மட்டும்தான் தெரியும்.

புவான் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு படமாகத் தள்ளினார். வயசான சீனத் தம்பதி, ஆளுக்கு ஒரு இலை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரன். பள்ளிக்கூடப் பிள்ளைகள். கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொள்ளும் ஒரு பெண். நான் கை கட்டி நிற்கும் படம். பிறகு ஒரு படத்தில் நிறுத்தினார். வெளிச்சம் குறைவாக, கறுப்பு வெள்ளையில் இருந்தது. பனி. மேடு. மேட்டுக்குப் பின்னால் இரண்டு கண் மின்னியது.

ஆடு.

பெரிய உடம்பு, கறுப்பு. சின்னக் கொம்பு, பின்பக்கம் வளைந்தது. கழுத்தில் சிலும்பிய மயிர். முன்காலை மேட்டின் மேல் வைத்திருந்தது. வாயில் ஒரு கொத்து தொங்கியது. தடித்த, பளபளக்கும் இலை. பால் மரத்து இலை. காம்பில் பாசி. நான் போட்டது.

"காட்டு ஆடு. இந்த மலையில இருக்குன்னு சொல்லுவாங்களாம். புவான் இங்க வந்ததுல இருந்து ஒரு தடவைகூட நேர்ல பார்த்தது இல்லையாம்" என்றார் குணா அண்ணன்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். புவான் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார். அவரிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தம்பிக்கு அடிக், தின்பதற்கு மாக்கான், இலைக்கு டாவுன். மூன்றையும் சேர்த்தேன். "அடிக் மாக்கான் டாவுன்."

தம்பி இலை தின்றான்.

புவான் குணா அண்ணனைப் பார்த்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். குணா அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். "சரியாத்தான் சொல்றான், புவான்" என்று தமிழிலேயே சொன்னார்.

அந்தப் படத்தைக் கேட்டேன், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று. தர முடியாது என்றார். அது இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் கண்ணி வைக்க வந்துவிடுவார்களாம், அதற்கும் ஒரு சட்டம். ஆனால் "எவ்வளவு நேரம் வேண்டுமோ பார்த்துக்கொள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பார்த்தேன். ஆட்டோடு வளர்ந்தவனுக்கு ஆட்டைப் பார்த்தால் தெரியும். அது பசிக்குத் தின்றது, நிதானமாகத் தின்றது.

என்னை அனுப்பவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். இனி மேல் பாதைக்கு நான் போகக் கூடாது, கீழ் கேட்டில்தான் வேலை. அதற்கு முன்னால் மேட்டை நானே கலைக்க வேண்டும். மறுநாள் புவானும் வந்தார். நான் குப்பைப் பையை விரித்தேன். அவர் வேண்டாம் என்றார். இங்கிருந்து ஒரு இலைகூட வெளியே போகக் கூடாதாம், காட்டில் விளைந்தது காட்டுக்குள்தான் கிடக்க வேண்டுமாம். என்னைக் குற்றவாளி ஆக்கிய அதே சட்டம்.

அள்ளி அள்ளிப் பள்ளத்தில் தூவினேன். ஆடு ஏறி வந்த சரிவு அது. கடைசியில் வெறும் கல் தெரிந்தது. புவான் குனிந்து, பிடுங்கின சொம்புச் செடியைத் துணியிலிருந்து எடுத்துப் பாசிக்குள் வைத்து விரலால் அழுத்தினார். பிழைக்குமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். மொட்டையாகிப்போன பால் மரத்தைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு நான் செய்தது அதிகம்.

7

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"யம்மா, ஆடு துன்னுட்ச்சுமா."

"இன்னா ஆடு? எந்த ஆடு?"

"இங்க. நான் ஒரு தழ போட்டேன்மா. காட்டாடு வந்து துன்னுட்ச்சு."

"அங்க ஆடு கீதா? யாரு வூட்டு ஆடு?"

"யாரு வூட்டு ஆடும் இல்லமா. காட்டுதுதான்."

"கறுப்பா, செவலையா?"

"கறுப்பு."

"போட்டோ அனுப்பு, பாக்கறேன்."

"தரமாட்டாங்களாம்மா. அது எங்க கீதுன்னு தெரிஞ்சா திருட்டுத்தனமா புடிக்க வந்துடுவானுங்களாம்."

"நம்ப சந்தன மரத்துக்கு வர்ற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப சரி. தராதது நல்லதுதான்." அவள் நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. "எப்டிடா துன்னுச்சு?"

"வாயில தொங்க வுட்டுனு. கேமராவையே பாத்துனு துன்னுச்சுமா."



"அவனும் அப்டிதான் துன்னுவான். ஆள பாத்துனே துன்னுவான்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "சரி, நீ துன்னியா?"

"துன்னேன்மா."

"இங்க மேட்டுல தழ கம்மியாதான்டா கீது. முன்ன மாதிரி யாரு நடந்து போறாங்க? பொழுதுக்கும் வண்டி ஏறுது, எறங்குது. நிறுத்தறதுக்கு எவனுக்கு நேரம்? நம்ப ஆடுங்க போய் வெறுங்கல்ல மோந்து பாத்துட்டு வருதுங்க."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் தழை போடுகிறவருக்குச் செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே பேர், ஊர், பாஷை எதுவும் தெரியாதவர்கள் நின்று போட்டதைப் பார்த்தேன். நீங்களும் அவர்களைப் போலத்தான். உங்களிடம் கேட்கலாம் என்று தைரியம் வந்தது.

போளூர்ப் பக்கமிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினீர்கள் என்றால், ஒரு வளைவில் ஒற்றைப் பலாமரம் நிற்கும். அதன் கீழே ஒரு கல். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், மெதுவாக நிறுத்துங்கள், அந்த இடத்தில் கரடி கடக்கும். ஒடிக்க வேண்டாம். ஊரில் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். மொட்டையான மரத்தைப் பார்த்தவன் சொல்கிறேன். வீட்டிலிருந்து வரும்போது ஒரு கட்டுக் கீரையோ, ஒரு பிடி அகத்தியோ வாங்கி வந்தால் போதும். ஆடு தின்னக்கூடியதாக இருக்கட்டும். ஆடு வந்தால் விரட்டாதீர்கள்.

வர முடியாதவர்கள் இருக்கிற இடத்திலேயே, உங்கள் சாமி எதுவோ அதனிடம், எங்கள் சடையனுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பேர் வேறு ஒன்று இருக்கிறது, அதில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சடையன் என்றே சொல்லுங்கள். அவன் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.